நித்திலாவின் சீட்டு

எங்கள் பதிவு அலுவலகத்தில் எட்டாம் எண் அறை என்று ஒன்று உண்டு. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு கருவி, அவ்வளவுதான். ஜன்னல் கிடையாது. பதினாறு வருஷமாக அந்த மூன்றாவது நாற்காலி என்னுடையது. என் பெயர் ஜெசிந்தா. இந்த ஊரில் கல்யாணம் முடித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னை எங்கேயாவது பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பல் டாக்டருக்குக் கூட இதைவிட மரியாதை உண்டு.

கல்யாணம் பதிய வருகிற ஆணும் பெண்ணும் அந்தக் கருவியில் விரலை வைக்க வேண்டும். ஒரு சொட்டு ரத்தம் எடுக்கும். நாலு நிமிஷத்தில் இரண்டு சீட்டு வரும். மாப்பிள்ளையின் சீட்டைப் பெண்ணிடம் கொடுப்பேன், பெண்ணின் சீட்டை மாப்பிள்ளையிடம் கொடுப்பேன். படித்துவிட்டு ‘அறிந்தேன், சம்மதிக்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டால் கல்யாணம். போடப் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். ஏன் என்று நான் கேட்கக் கூடாது.

ஒருவருடைய சீட்டை அவரிடமே கொடுக்க மாட்டோம். ஆரம்பத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். வாங்கியவர்கள் பாதி வழியில் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஒன்றைத் தயார் செய்துகொண்டு வந்தார்கள். அதனால் சட்டத்தைத் திருத்தினார்கள். தன் உடம்பில் என்ன இருக்கிறது என்பது தனக்குத் தெரிந்திருக்கும், தெரிய வேண்டியது எதிராளிக்குத்தான் என்பது திருத்தத்தின் முதல் வரி. அதைப் படித்தபோது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது.

எல்லாம் பூட்டு ஊசியால் வந்த வினை. அரசாங்கம் வைத்த பெயர் வேறு. ஜனங்கள் வைத்த பெயர்தான் நின்றது. 2041-இல் வந்தது. ஒரே ஒரு ஊசி, தழும்பு கிடையாது, வலி கிடையாது. பெண்ணுக்குப் போட்டால், வயிற்றில் கரு உண்டானதற்கான முதல் அடையாளத்தையே உடம்பு எதிரியாக நினைத்துக் கரைத்துவிடும். மாதாமாதம் வருவது வழக்கம்போல் வரும். வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. உடம்பு ஒரு தடவை கற்றுக்கொண்டால் மறக்காது, யாராலும் மறக்கடிக்கவும் முடியாது. ஆணுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு.

என் தங்கை ரெக்சலினைக் கட்டியவன் அதைப் போட்டுக்கொண்டுதான் தாலி கட்டினான். அவளிடம் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் அவனுடைய அம்மா என் தங்கையை மலடி, மலடி என்று தெருவுக்குக் கேட்கும்படி திட்டினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெளிப்படுத்தல் சட்டம் வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. சட்டம் வந்தபோது ரெக்சலினைக் கட்டிப்பிடித்து அழுதேன். கேட்டு வாங்கிக்கொண்டுதான் இந்த நாற்காலிக்கு வந்தேன். அதனால் நான் சொல்லப்போவதைச் சட்டத்துக்கு ஆகாதவள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நித்திலாவும் இசக்கிராஜும் 2061-இல் வந்தார்கள். அவள் கடல் பாசிப் பண்ணையில் சூப்பர்வைசர். அவர் காற்றாலை மெக்கானிக். உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்களுக்கே உள்ள ஒரு நிதானம் அவரிடம் இருந்தது. அவளுக்கு அது மருந்துக்கும் கிடையாது. அவருடைய சீட்டைக் கையில் வாங்கியதும் ஒரு மூச்சில் படித்தாள்.

“எல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கு. குறட்டையைப் பத்தி ஒண்ணும் காணோமே.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவளுடைய சீட்டு அவர் கையில் இருந்தது. அதில் ஒரே வரிதான் இருந்தது என்று எனக்கு மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. நல்ல சீட்டு என்றால் ஏழு வரி இருக்கும். பூட்டு ஊசி போட்ட உடம்பு என்றால்தான் ஒரே வரி.

அந்த நேரம் பார்த்து அவளுக்குப் பண்ணையிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனாள். இசக்கிராஜ் சீட்டைக் குப்புற வைத்தார்.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா? இது அவளுக்குத் தெரியுமா?”

நான் பதில் சொல்லக் கூடாது. விதி அப்படி. ஆனால் பதில் தெரிந்த கேள்வியாக இருந்தால் வாய் சும்மா இருக்குமா.

“சொந்த உடம்பு தம்பி. அவளுக்குத் தெரியாம இருக்குமா?”

அவர் கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். வெளியே அவள் யாரையோ வலை கட்டிய லட்சணத்துக்காகத் திட்டிக்கொண்டிருந்தாள். அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவு பெரிய விஷயத்தை அவ்வளவு சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்ட ஆண்பிள்ளையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒரு வரிச் சீட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவள் உள்ளே வந்தாள். “என்ன, நான் பாஸா?”

“பாஸ்,” என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் ரெக்சலினிடம், உலகத்தில் நல்ல ஆண்களும் இருக்கிறார்கள் என்று சொன்னேன்.

எட்டு வருஷம் கழித்து, போன ஏப்ரலில், நித்திலா தனியாக வந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னபிறகுதான் தெரிந்தது. கையில் ஒரு ஆஸ்பத்திரி ஃபைல்.

“என் சீட்டோட நகல் வேணும்க்கா. புது டாக்டரம்மா கேக்காங்க. கல்யாணப் பதிவுச் சீட்டைப் பார்க்காம மேல வைத்தியம் பண்ண முடியாதாம்.”

“முன்னாடி பார்த்த டாக்டர் கேக்கலியா?”

“அவர் ஆறு வருஷமா சத்து மாத்திரைதான் குடுத்தாரு. ரெண்டு பேருக்கும் ஒரு குறையுமில்ல, பொறுமையா இருங்கன்னாரு. இப்போ ரிட்டயர் ஆயிட்டாரு.”

பூட்டு ஊசியின் தடத்தை ஆஸ்பத்திரிகள் பார்க்கக் கூடாது. பார்க்க விட்டால் கல்யாணத்துக்கு முன்பே இரண்டு வீட்டாரும் பிள்ளைகளைச் சோதனைக்கு இழுத்துக்கொண்டு ஓடுவார்கள் என்று தடை போட்டிருக்கிறார்கள். எங்கள் கருவி மட்டும்தான் பார்க்கும். எட்டு வருஷமாக இந்தப் பெண்ணின் வயிற்றைப் பற்றிய உண்மை எங்கள் அலுவலகத்தில்தான் இருந்திருக்கிறது.

திரையில் அவளுடைய பதிவை எடுத்தேன். ஒரு வரி. எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. இவளுக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. தெரிந்திருக்கும் என்று சொன்னவள் நான்.

“உன் சீட்டை உனக்குத் தர முடியாதும்மா. உன் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டாத்தான் தரலாம்.”

“என் ரத்தந்தானக்கா அது?”

“ஆமா.”

“அப்புறம் அவர் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?”

பதினாறு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. திரையை அவள் பக்கம் திருப்பிவிட எவ்வளவு நேரம் ஆகும். திருப்பவில்லை. உத்தியோகம் மட்டும் காரணம் இல்லை, பயம். நாளைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். அவளை எட்டாம் எண் அறையில் உட்கார வைத்துவிட்டு இசக்கிராஜை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

“தம்பி, அவளுக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்க்கா,” என்றார். “அவளுக்குத் தெரியாதுங்கது எனக்கு ஆறு வருஷமாத் தெரியும்.”

சுவரில் சாய்ந்துகொண்டார். அவருக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

“நீங்கதானே சொன்னீய, சொந்த உடம்பு, தெரியாம இருக்குமான்னு. சரி, அவளுக்குச் சொல்லக் கூச்சமா இருக்கும், நாமளாக் கேக்க வேண்டாம், கையெழுத்துப் போட்டதுதான் நம்ம பதில்னு இருந்தேன். முதல் ரெண்டு வருஷம் இப்போ பிள்ளை வேண்டாம், புதுப் பண்ணை வேலை இருக்குன்னா. அதையும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன், பாவம், மறைச்சுப் பேசுதான்னு. மூணாவது வருஷம் ஒரு நாள், ரெண்டு நாள் தள்ளிப்போச்சுன்னு ஓடி வந்து என் கையைப் பிடிச்சிக்கிட்டாக்கா. அவ மூஞ்சியைப் பார்த்தேன். அப்போதான் எனக்கு வெளங்கிச்சு.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?”

“ரெண்டு வருஷமாத் தெரிஞ்சு வச்சிருந்தேன்னும் சேத்துல்லா சொல்லணும். அந்த மூஞ்சிகிட்ட எப்படிச் சொல்ல? நாளைக்குச் சொல்லுவோம்னு நெனச்சேன். அந்த டாக்டர்கிட்ட நான்தான் தனியாப் போய்ச் சத்து மாத்திரை குடுங்க, மனசைத் தேத்துங்கன்னு கேட்டுக்கிட்டேன். ஒவ்வொரு மாசமும் அவ குளியலறையில போய் அழுதுட்டு வருவா. நான் வெளிய நிப்பேன்.”

உள்ளே போய்ச் சம்மதக் கையெழுத்துப் போட்டார். சட்டப்படி நான் நித்திலாவின் சீட்டை நித்திலாவிடம் கொடுத்தேன்.

ஒரு வரியைப் படிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. அழவில்லை. வருஷத்தில்தான் விரலை வைத்தாள். கருவி ஊசி போட்ட வருஷத்தையும் சொல்லும்.

“2044. எனக்குப் பத்து வயசு.”

விரலை அந்த வருஷத்திலிருந்து எடுக்காமலே மேலே சொன்னாள்.

“செல்வம் செத்த வருஷம். எங்க ரெண்டாவது அண்ணன். அம்மா என்னை முகாமுக்குக் கூட்டிட்டுப் போனா. காய்ச்சல் வராம இருக்க ஊசின்னா. வரும்போது ஜிகர்தண்டா வாங்கித் தந்தா. எங்க அம்மா அதுக்கு முன்னாடி ஒண்ணும் வாங்கித் தந்ததே கிடையாது, அதனால ஞாபகம் இருக்கு.”

பிறகு புருஷனைப் பார்த்தாள். “உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்? பாஸுன்னீங்களே, அப்பவா?”

அவர் தலையாட்டினார்.

நான் இடையில் புகுந்தேன். தப்பு என் மேல்தான், அவளுக்குத் தெரியும் என்று அவரிடம் சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவள் என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

“நீங்க ஒரு நாள் சொன்னீங்கக்கா. எங்க அம்மா ஒரு நாள் ஊசி போட்டா. இவர் எட்டு வருஷம் தெனமும் என் பக்கத்துல படுத்துக்கிட்டுச் சொல்லாம இருந்தாரு.”

இசக்கிராஜ் வெளியே போய்விட்டார். அப்போதாவது நான் உருப்படியாக ஒன்று செய்ய வேண்டும் என்று வாடகைத்தாய் விதியை எடுத்துக் காட்டினேன். அவளுடைய கருமுட்டைக்கு ஒரு குறையும் இல்லை. வேறொரு பெண் சுமந்தால் குழந்தை பிறக்கும். விண்ணப்பிக்க முப்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. அவளுக்கு மே இருபத்து மூன்றில் முடிகிறது. இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தது. ஆனால் பூட்டு ஊசி போட்டவர்கள் தானாக விரும்பிப் போட்டுக்கொண்டதாகத்தான் சட்டம் கருதும், அவர்களுக்கு அனுமதி இல்லை. தனக்குத் தெரியாமல் போடப்பட்டது என்றால், போட்டவர் மேல் குற்றப் புகார் பதிவாகியிருக்க வேண்டும்.

“போட்டவங்களுக்கு என்ன தண்டனை?”

“சிறு பிள்ளைக்குப் போட்டா ஏழு வருஷம். ஜாமீன் கிடையாது.”

“அம்மாவுக்கு எழுபத்தொண்ணு,” என்றாள். விதியைக் கீழே கடைசி எழுத்து வரை நிதானமாகப் படித்தாள். மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். புருஷன் நின்ற பக்கம் போகவில்லை. பண்ணைக் குடியிருப்பில் ஒரு அறை எடுத்துக்கொண்டு தங்கிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மே இருபத்திரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு இசக்கிராஜ் வந்தார். கூடவே ஒல்லியாக ஒரு அம்மாள், கையில் துணிப்பை. நித்திலாவின் அம்மா மாரிக்கனி. என் நாற்காலி வாழ்க்கையில் மாமியாரும் மருமகனும் இப்படி ஒட்டி உட்கார்ந்து பார்த்ததில்லை.

“இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுது. புகார் குடுக்கணும்க்கா,” என்றார் இசக்கிராஜ். “நித்தி குடுக்க மாட்டா. வக்கீல்கிட்ட கேட்டேன். சட்டத்துல பாதிக்கப்பட்டவர்னா புருஷன் இல்லாட்டிப் பொண்டாட்டி. அப்போ நானே குடுக்கலாமாம்லா.”

உண்மைதான். அந்தப் பாரத்தில், ஊசி போடப்பட்டவள் பாதிக்கப்பட்டவளாக எழுதிக்கொள்ள இடமே கிடையாது.

நான் மாரிக்கனியம்மாளைப் பார்த்தேன். “உங்களை ஜெயில்ல போட்டுருவாங்கம்மா. தெரியுமா?”

“தெரியும் தாயி. ரெண்டு சேலை எடுத்துட்டு வந்திருக்கேன். பிரஷர் மாத்திரை உள்ள குடுப்பாங்களா, நாமளே கொண்டு போணுமா?”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு வருஷம் அழுத ஒரு பெண்ணின் முகம் என் கண்ணிலேயே நின்றது.

“பெத்த பிள்ளைக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?”

அந்த அம்மாள் பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

“எனக்கு ரெண்டு ஆம்பிளப் பிள்ளைங்க. ரெண்டுக்கும் தசை கரையுற நோவு. பெரியவனுக்கு ஏழு வயசுல கால் போச்சு, பன்னெண்டுல கை போச்சு, பதினாறுல மூச்சுவிட முடியாமப் போச்சு. அவனைப் புதைச்சிட்டு வந்தா சின்னவன் வாசப்படியில தடுக்கி விழுதான். இந்த நோவு பொம்பளைங்க ரத்தத்துல ஒளிஞ்சிருந்து ஆம்பிளப் பிள்ளையைக் கொல்லும்னு டாக்டர் சொன்னாரு. என் ரத்தம்தான. நித்தி ரத்தத்துலயும் இருக்குன்னாரு. பதினாறு பதினாறு வருஷம் தூக்கிச் சுமந்திருக்கேன் தாயி. செல்வம் போன அன்னைக்கு நித்தி மூணு சிரட்டை வச்சுச் சோறாக்கி விளையாடிக்கிட்டிருந்தா. நாளைக்கு இதுவும் பெத்து, இதுவும் சுமந்து, இதுவும் புதைக்கணுமான்னு இருந்துச்சு. முகாம்ல கையெழுத்துப் போட்டேன்.”

“அவ வளந்தபிறகு சொல்லியிருக்கலாமே?”

“சொல்லத்தான் நெனச்சேன். அவளுக்கு இருபத்திரண்டு நடக்கும்போது அந்த நோவுக்கு மருந்து வந்துட்டுன்னு டிவியில சொன்னாங்க. கருவுலேயே சரி பண்ணிருவாங்களாம். மூணு நாள் சோறு எறங்கல எனக்கு. அதுக்குப் பொறவு எப்படிச் சொல்ல? மாப்ள சீட்டைப் பார்த்துட்டு வேண்டாம்னு போயிருவாரு, அப்போ எல்லாம் வெளிய வந்துரும்னு இருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டுட்டாரு.”

மருமகன் அந்த அம்மாளின் தோளில் கை வைத்தார். நான் யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

புகாரைப் பதிந்தேன். ஐந்து மணிக்கு அது தானாகப் போலீசுக்கும் வாடகைத்தாய் வாரியத்துக்கும் போகும். அதுவரை புகார் கொடுத்தவர் திரும்பப் பெறலாம். விண்ணப்பத்தில் நித்திலாவின் கையெழுத்து வேண்டாமா என்று கேட்டேன். புருஷன் புகாரோடு சேர்த்துக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் சேர்த்தே எடுத்துக்கொள்வார்களாம், வக்கீல் அதையும் சொல்லியிருந்தார்.

“அவகிட்ட சொல்லாதீங்கக்கா,” என்றார் இசக்கிராஜ். “அஞ்சு மணிக்கு மேல தெரிஞ்சாப் போதும். திட்டுவா, அடிப்பா. அடுத்த வருஷம் கையில ஒரு பிள்ளை இருக்கும்லா.”

“ஆமா தாயி, சொல்லிராத,” என்றாள் மாரிக்கனியம்மாள்.

அவர்கள் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். நான் மதியச் சாப்பாட்டைத் திறந்து மூடி வைத்தேன். நான் சும்மா இருந்தால் போதும். நித்திலாவுக்குக் குழந்தை கிடைக்கும். அவள் அம்மா தானாக விரும்பிப் போகிறாள். யாருக்கும் நஷ்டமில்லை என்று கணக்குப் போடப் பார்த்தேன். ஆனால் மூன்றாவது தடவையாக அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் அவள் வயிற்றைப் பற்றி ஒரு முடிவு எடுக்கிறார்கள். முதல் தடவையும் பாசம்தான், இரண்டாவது தடவையும் பாசம்தான். இரண்டரை மணிக்கு மனசு பொறுக்காமல் போனை எடுத்தேன்.

மே மாதம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை வெளியே நடமாடக் கூடாது என்று வெயில் உத்தரவு. பஸ் ஓடாது. அவள் பண்ணையிலிருந்து சைக்கிளில் வந்தாள். மூன்றரை மணிக்கு வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே வரும்போது முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் பின்னாலேயே எழுந்து வந்தார்கள். எட்டாம் எண் அறையில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நாலு பேர் நின்றோம்.

இசக்கிராஜ் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை.

நித்திலா அம்மாவின் துணிப்பையைப் பார்த்தாள். “இது என்னம்மா?”

“ரெண்டு சேலைதான் மக்கா. நீ ஒண்ணும் பேசாத. எல்லாம் முடிஞ்சு போச்சு.”

“பத்து வயசுல என்கிட்ட கேக்க முடியாது, சரி. இப்போ எனக்கு என்ன வயசு?”

“கேட்டா நீ வேண்டாம்னுல்லா சொல்லுவ.” மாரிக்கனியம்மாள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “நான் பூட்டினதை நான்தானட்டி தொறக்கணும். என்னை விடு. நான் வெளிய இருந்து என்ன செய்யப் போறேன்? ஒரு பிள்ளையைப் பெத்துக்கோ. ஆம்பிளப் பிள்ளைன்னாலும் இப்போ சாகாதாம்.”

நித்திலா புருஷன் பக்கம் திரும்பினாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார். எட்டு வருஷமாக வராதது அப்போதுதான் அவர் வாயில் வந்தது.

“நித்தி, உனக்கு வேணுமா வேண்டாமா? நீ என்ன சொல்லுதியோ அதைச் செய்யுதேன்.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

“என் வயித்தைப் பத்தி எங்கிட்ட ஒருத்தர் கேக்குறது இதுதான் முதல் தடவை,” என்றாள்.

யாரும் அவளைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்குப் பிள்ளை வேணும். ரொம்ப வேணும். பேர்கூட வச்சிருக்கேன், உங்க யார்கிட்டயும் சொல்லல. ஆனா அது பொறக்குற அன்னைக்கு எங்க அம்மா கம்பிக்குள்ள உக்காந்து மாத்திரை தேடிக்கிட்டு இருப்பா. அப்படி வேண்டாம்.” புருஷனைப் பார்த்தாள். “புகாரை எடுத்துருங்க.”

மாரிக்கனியம்மாள் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம்னு சொல்லாதட்டி, வேண்டாம்னு சொல்லாதட்டி என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இசக்கிராஜ் புகாரைத் திரும்பப் பெறக் கருவியில் விரலை வைத்தார். இரண்டு தடவை ஏற்கவில்லை. மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. மணி நாலேகால்.

நித்திலா அம்மாவை எழுப்பி நிறுத்தினாள். பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். நானும் பின்னாலேயே வராந்தாவுக்குப் போனேன். வாசல் வரை போனவள், அம்மாவை அங்கே நிறுத்திவிட்டு என்னிடம் திரும்பி வந்தாள். இசக்கிராஜ் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்காத அளவுக்குக் குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, புகார் இருந்தாத்தான் மனு போட முடியும்ங்கிற விதி, போன வருஷம் ஜூன்லதான வந்தது? கீழ தேதி போட்டிருந்துச்சு.”

“ஆமா.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி பூட்டு ஊசி போட்டவங்க யார் வேணும்னாலும் போடலாம். உன் கையெழுத்து மட்டும் போதும்.”

அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்டாள். அன்றைக்கு அந்த விதியைக் கடைசி எழுத்து வரை படித்தபோதே அவளுக்கு விளங்கியிருக்கிறது. ஏழு வருஷத்தில் எந்த ஒரு நாள் அவர் வாயைத் திறந்திருந்தாலும் ஒரு கையெழுத்தில் குழந்தை வந்திருக்கும்.

“அவர்கிட்ட இதைச் சொல்லாதீங்கக்கா,” என்றாள். “தாங்க மாட்டாரு.”

வெயிலில் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். நான் அறைக்குத் திரும்பினேன். இசக்கிராஜ் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

“நான் முதல்லேயே சொல்லியிருந்தா, அக்கா? அப்போ ஏதாவது வழி இருந்திருக்குமா?”

வெளிப்படுத்தல் வேண்டும் என்று வெயிலில் உட்கார்ந்தவள் நான். பதினாறு வருஷமாக ஜனங்களுக்கு உண்மையைக் கையில் எடுத்துக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள். அவர் முகத்தைப் பார்த்தேன்.

“அப்பவும் இதே விதிதான் தம்பி,” என்றேன்.